முத்திரை எங்கே விழ வேண்டும்?

(கழகத் தோழர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



மாநில உரிமை பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். மொழி பற்றிப் பேசுவேன் என்று வேறு சிலர் எண்ணியிருக்கக்கூடும். நான் பேச வந்திருப்பது மளிகைக் கடை பற்றி! சிரிக்கின்றீர்கள். துவரம் பருப்பும் மஞ்சள் தூளும் கொள்கை மேடையில் ஏறுவதா என்று கேட்கின்றீர்கள். ஏறத்தான் வேண்டும். ஏழையின் வீட்டிற்குள் அரசு நுழைவது ஆண்டுக்கு ஒருமுறை. மளிகைக் கடை நுழைவதோ நாள்தோறும் இருமுறை. காலையில் காப்பித் தூளாக நுழைகிறது; மாலையில் சாம்பார்ப் பொடியாக நுழைகிறது. அந்தப் பொட்டலத்தில் இருப்பது உணவா, நஞ்சா என்பது அரசியல் அல்ல என்றால், எதுதான் அரசியல்?

இந்தச் சிக்கல் குறித்து நாட்டில் இரு குரல்கள் கேட்கின்றன. ஒரு குரல், "கலப்படம்! கலப்படம்! கடைகளுக்குப் பூட்டுப் போடு! கடைக்காரனைக் கூண்டில் ஏற்று!" என்று கூவுகிறது. மற்றொரு குரல், "ஐயோ, பாவம்! சிறுவணிகன் பிழைக்கட்டும், சோதனை வேண்டாம், சான்று வேண்டாம், அதிகாரி தெருப்பக்கம் வரவே வேண்டாம்!" என்று கெஞ்சுகிறது. இரண்டும் இனிய குரல்கள்தாம். இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் முதற்குரல் கேட்டு நடந்தால் கடைக்காரன் சாவான். இரண்டாம் குரல் கேட்டு நடந்தால் வாடிக்கைக்காரன் சாவான். இருவரும் நம் தெருவில் வாழும் நம்மவர்களே! எவரைச் சாகவிடுவது?

சட்டமே வேண்டாம் என்பாருக்கு நான் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நாட்டிலே பிராட்ஃபோர்டு என்றோர் ஊர். ஆண்டு 1858. சர்க்கரை விலை ஏறிக் கிடந்த காலம். மிட்டாய் செய்வோர், சர்க்கரையோடு சுண்ணாம்புக்கல் தூள் போன்றதொரு வெள்ளைப் பொடியைக் கலந்து செலவைக் குறைத்தனர். ஊருக்கே தெரிந்த வழக்கம், எவரும் தடுக்கவில்லை. ஒருநாள் அந்தப் பொடி வாங்க மருந்துக் கடைக்கு ஆள் போயிற்று. கடையில் இருந்த பணியாள், பீப்பாய் மாறி, 12 இராத்தல் அள்ளிக் கொடுத்தான். கொடுத்தது சுண்ணாம்புப் பொடி அன்று. ஆர்சனிக் எனும் கொடிய நஞ்சு! அது மிட்டாயாயிற்று. சந்தையிலே சிறு கடை போட்டிருந்த ஹார்டேக்கர் என்பார் அதனை வாங்கினார். நிறம் சற்று மாறியிருக்கிறதே என்று கேட்டார். விலையைக் குறைத்துக் கொடுத்தனர். வாங்கிக்கொண்டு போய் விற்றார். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இருபது பேர் மாண்டனர். குழந்தைகளும் மாண்டனர்!

வழக்கு நடந்தது. என்ன ஆயிற்று? எவருக்கும் தண்டனை இல்லை. ஏன்? மிட்டாயில் கண்டதைக் கலப்பது குற்றம் என்று அன்று அந்நாட்டில் பொதுச் சட்டமே இல்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர், நுண்பெருக்காடியை வைத்துக்கொண்டு, இலண்டன் கடைகளில் வாங்கிய பண்டங்களை ஆராய்ந்து, 'லான்செட்' எனும் மருத்துவ இதழில் கடைகளின் பெயரோடு வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியால் அசையாத ஆட்சியைப் பிராட்ஃபோர்டின் பிணங்கள் அசைத்தன. 1860-இல் உணவுக் கலப்படத்திற்கு எதிரான முதற் பொதுச் சட்டம் அங்கே பிறந்தது.

தோழர்களே! இந்த வரலாறு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. சட்டமும் சோதனையும் தேவை என்பது முதற்பாடம். சட்டமில்லாச் சந்தையில் மலிவு வெல்லும், மனிதன் தோற்பான். இரண்டாம் பாடத்தைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த நஞ்சு ஹார்டேக்கரின் கடையில் பிறந்ததா? இல்லை. மருந்துக் கிடங்கிலே பிறந்தது. மிட்டாய்ப் பட்டறையிலே வளர்ந்தது. கடைக்கு வந்தபோது நிறம் ஒன்றைத் தவிர வேறு அடையாளம் அதற்கில்லை. விற்றவரும் அதைத் தின்று நோயில் விழுந்தார் என்கிறது வரலாறு. கடைசிக் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தோர்க்கு, அதற்கு முன்னிருந்த கைகள் தெரியவில்லை!

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றினர். 1964-இல் அதனைத் திருத்தி, பொதுவாகக் குறைந்தது 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம் என்று கடுமையாக்கினர். பின்னர் 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 5 முதல் அது நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் விடைபெற்றது.

புதிய சட்டம் சிறு வணிகரைச் சற்று வேறாகப் பார்த்தது. பெரிய நிறுவனத்திற்கு உரிமம். சிறு கடைக்குப் பதிவு. 2011-ஆம் ஆண்டு விதிகளை வகுத்தபோது, ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடை பதிவு செய்துகொண்டால் போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றனர். நல்ல ஏற்பாடு! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 இலட்சத்தை 365 நாளுக்குப் பங்கிட்டால், ஒரு நாள் விற்பனை 3,300 ரூபாய்க்கும் குறைவு. விற்பனைதான், இலாபம் அன்று! ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் விற்றாலே அதில் பெரும்பங்கு போய்விடும். விலைவாசி ஏற ஏற, கடை வளராமலே கணக்கு வளர்கிறது. நேற்றுப் பதிவு போதும் என்றிருந்தவன், இன்று தன்னை அறியாமலே உரிமம் வேண்டுவோர் வரிசையில் தள்ளப்படுகிறான். உரிமம் பெற வேண்டியவன் பெறாமல் விற்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்த தண்டனை 6 மாதம் வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம். கோட்டுக்கு இப்பால் நூறு ரூபாய்ச் சீட்டு. அப்பால் சிறைக் கதவு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கடைக்காரனுக்குச் சொன்னவர் யார்?

நான் நாடகக்காரன். ஒன்றைக் காட்சியாக்கிக் காட்டினால்தான் எனக்கு நிறைவு. ஒரு காட்சி சொல்கிறேன், இது கற்பனை. ஆனால் இதில் வருவோரை நீங்கள் எங்கோ பார்த்ததுபோல் தோன்றினால், பொறுப்பு என்னுடையது அன்று!

மேடையில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் அண்ணாச்சி. வாசலில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

அலுவலர்: இந்த மஞ்சள் தூளை எங்கே வாங்கினீர்?

அண்ணாச்சி: மண்டியில்தான், ஐயா.

அலுவலர்: சீட்டு எங்கே?

அண்ணாச்சி: சீட்டுத் தரமாட்டார்கள், ஐயா. சீட்டுக் கேட்டால் கிலோவுக்கு விலை கூடும் என்பார்கள்.

அலுவலர்: பதிவுச் சான்று?

அண்ணாச்சி: அதற்காக ஒருவரிடம் பணம் கொடுத்து ஆறு மாதமாகிறது, ஐயா. நாளை வரும், நாளை வரும் என்கிறார்.

அலுவலர் குறிப்பேட்டைத் திறக்கிறார். அண்ணாச்சிக்கு வியர்க்கிறது. கடைப் பையன் ஓடுகிறான். யாரிடம்? வட்டச் செயலாளரிடம்! அவர் கைப்பேசியை எடுக்கிறார். "ஐயா, வணக்கம். அண்ணாச்சி நம் ஆள். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அலுவலர் குறிப்பேட்டை மூடுகிறார். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிடுகிறார். திரை விழுகிறது. கைதட்டல்!

யார் தட்டுகிறோம்? நாம் தட்டுகிறோம். "மக்களுக்காக உழைத்தார் வட்டச் செயலாளர்" என்று மகிழ்கிறோம். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தோமா? அந்த மஞ்சள் தூள் அதே டின்னில்தான் இருக்கிறது! நாளைக் காலை அதனை வாங்கப் போகிறவள் கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாய். அந்த மஞ்சளில், நிறம் கூட்டும் ஈயக் கலவை இருந்தால், அது அவள் பிள்ளையின் உடலுக்குள் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பது மருத்துவ உலகம் ஒப்பிய உண்மை. நம் தொலைபேசி அழைப்பு அண்ணாச்சியைக் காத்தது. அந்தப் பிள்ளையை விட்டுவிட்டது.

சரி, அண்ணாச்சியையாவது காத்ததா? அதுவும் இல்லை. அவரிடம் சீட்டு வந்ததா? சான்று வந்ததா? எதுவும் வரவில்லை. அவருடைய பிழைப்பு இப்போது ஒரு கைப்பேசியில் தொங்குகிறது. வட்டச் செயலாளர் மாறினால், அலுவலர் மாறினால், ஆட்சி மாறினால், மறுபடியும் அவர் நடுங்க வேண்டியவரே. உரிமை பெற்ற குடிமகனாக இருக்க வேண்டியவரைச் சலுகை கேட்கும் இரவலராக்கிவிட்டோம். சுயமரியாதை பேசி வளர்ந்த நாம், ஒரு மனிதரைக் கும்பிட வைத்துவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டலாமா?

அலுவலரோ, சட்டம் எங்கே வளையும் என்பதைக் கற்றுக்கொண்டார். செல்வாக்குள்ளவனுக்கு வளைந்த சட்டம், செல்வாக்கற்றவனிடம் அதற்கும் சேர்த்து நிமிரும். அச்சம் உள்ள இடத்தில் கையூட்டு முளைக்கும்.

இந்த நாடகத்தில் மேடைக்கே வராத பாத்திரம் ஒன்று உண்டு. கவனித்தீர்களா? மண்டிக்காரர்! சரக்கைக் கொடுத்தவர் அவர். சீட்டை மறுத்தவர் அவர். அலுவலரும் அவரைத் தேடவில்லை, நாமும் தேடவில்லை. கடைசிக் கையோடு கதை முடிந்துவிட்டது. பிராட்ஃபோர்டில் மறைந்திருந்த அதே கைகள், தோழர்களே!

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அண்ணாச்சிக்குத் தெரியாத, நம்மில் பலருக்கும் தெரியாத செய்தி இது. 26-ஆம் பிரிவு கூறுகிறது: உற்பத்தியாளரோ மொத்த வணிகரோ, எழுத்து மூலம் உறுதிமொழி தராமல் எந்தக் கடைக்காரருக்கும் உணவுப் பண்டம் விற்கக் கூடாது. அந்த உறுதிமொழிக்குத் தனிப் பத்திரம் வேண்டுமா? வேண்டாம். அவர் கொடுக்கும் விற்பனைச் சீட்டே உறுதிமொழியாகக் கொள்ளப்படும்! பழைய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், உறுதிச் சீட்டோடு வாங்கி, வாங்கியபடியே வைத்திருந்து விற்ற வணிகருக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆக, சீட்டு கேட்பது அண்ணாச்சியின் ஆசை அன்று. அது அவருடைய உரிமை. சீட்டு கொடுப்பது மண்டிக்காரரின் தயவு அன்று. அது அவருடைய கடமை.

27-ஆம் பிரிவைப் பாருங்கள். கடைக்காரர் எவற்றுக்குப் பொறுப்பாவார் என்று அது வரிசைப்படுத்துகிறது. காலாவதியான பண்டத்தை விற்றால், தூய்மையற்ற முறையில் வைத்திருந்தால், தவறான முகப்புச் சீட்டுள்ள பண்டத்தை விற்றால், தீங்கானது என்று தெரிந்தே வாங்கியிருந்தால் அவர் பொறுப்பு. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: யாரிடம் வாங்கினார் என்று காட்ட இயலாவிட்டால், அதுவும் அவர் பொறுப்பு! சீட்டு இருந்தால் சட்டத்தின் கண் மண்டியை நோக்கித் திரும்பும். சீட்டு இல்லாவிட்டால் அந்தக் கண் அண்ணாச்சியின் மீதே நிலைத்து நிற்கும். உள்ளங்கை அகலக் காகிதம். ஒரு குடும்பத்தின் கவசம்.

இன்னும் கேளுங்கள். அலுவலர் கடைக்குள் நுழையலாம், சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம். அந்த அதிகாரம் அவருக்கு வேண்டும். ஆனால் எடுத்த மாதிரிக்குக் கடை விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 38-ஆம் பிரிவு. கூடுமானவரை ஒருவரையோ பலரையோ சாட்சியாக அழைத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. மாதிரியை நான்கு பங்காக்க வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு. இரு பங்கு நியமன அலுவலரிடம். நான்காம் பங்கை, கடைக்காரர் கேட்டால், ஏற்பு பெற்ற வேறொரு ஆய்வுக் கூடத்திற்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை தவறென்று கருதினால் 30 நாளில் மேல்முறையீடு உண்டு. கடையில் குறை கண்டால், எடுத்த எடுப்பில் பூட்டு அன்று; திருத்திக்கொள்ள 14 நாளுக்குக் குறையாத கெடு கொடுத்து அறிவிப்பு அனுப்பும் வழி 32-ஆம் பிரிவில் இருக்கிறது. தகுந்த காரணமின்றி வேண்டுமென்றே பண்டங்களைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கே ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் என்கிறது 39-ஆம் பிரிவு.

இந்த உரிமைகள் ஏட்டில் மட்டும் உறங்குபவை என்று எண்ணாதீர்கள். விழித்தவனுக்கு அவை பயன்படுகின்றன. 2015-ஆம் ஆண்டு நெஸ்லே நிறுவனத்தின் மாகி நூடுல்சுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது நினைவிருக்கும். அந்த நிறுவனம் என்ன செய்தது? வட்டச் செயலாளரைத் தேடி ஓடியதா? பம்பாய் உயர்நீதிமன்றத்திற்குப் போயிற்று. தன் தரப்பைக் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு முரண் என்று வாதாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, ஏற்பு பெற்ற மூன்று ஆய்வுக் கூடங்களில் மறுசோதனை நடத்தச் சொன்னது. நவம்பரில் அந்தப் பண்டம் மீண்டும் கடைக்கு வந்தது. சரியா தவறா என்று நான் தீர்ப்பளிக்க வரவில்லை. கேட்கப்படும் உரிமை, மறுசோதனை கோரும் உரிமை, இரண்டும் அந்தப் பெரு நிறுவனத்திற்கு இருந்தன. அதே உரிமைகள் அண்ணாச்சிக்கும் இருக்கின்றன! வேறுபாடு என்ன? அவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார். இவருக்கு நாம்தான் இருக்கிறோம். நாமோ சட்டத்தைச் சொல்லிக் கொடுக்காமல் கைப்பேசியை எடுக்கிறோம்!

அடுத்து, முத்திரை எங்கே விழ வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். 1998-இல் தில்லியில் கடுகு எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கிற்று, மூச்சுத் திணறிற்று, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கடுகு எண்ணெயில் கலந்திருந்தது. கடைக்காரன் கண்ணால் கண்டுபிடிக்கக் கூடியதா அது? கண்ணாடிக் குவளையில் ஊற்றி உற்றுப் பார்த்தாலும் தெரியாது. மிளகாய்த் தூளில் ஏறிய சாயமும் அப்படியே. மஞ்சளில் ஏறிய ஈயமும் அப்படியே. ஆய்வுக் கூடத்துக் கருவி காண்பதை, நாற்பது விளக்குக்கு மங்கும் கண் காண வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியா? ஒரு ஆலையிலிருந்து ஆயிரம் கடைக்குப் போகும் பண்டத்தை, ஆயிரம் கடைகளில் துரத்துவதைவிட அந்த ஓர் ஆலையின் வாயிலில் நிறுத்திச் சோதிப்பது எளிதன்றோ?

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த பண்டமும், நிலம் கடந்து வந்த பண்டமும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அங்கே அரசின் சுங்கக் காவலர் ஓயாது நின்று, சோழனின் புலி முத்திரையைப் பொறித்துப் பண்டங்களை வெளியே விடுகின்றனர். அது வரிக்கான முத்திரைதான்; தரத்துக்கான முத்திரை என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆயினும் அந்த முத்திரை எங்கே விழுந்தது? பண்டம் குவியும் பண்டகசாலையின் வாயிலிலே விழுந்தது! தெருமுனையில் உப்பு விற்கும் உமணப் பெண்ணின் கூடையில் விழவில்லை. அரசின் கை, பண்டம் குவியும் இடத்தில் வலுவாக விழ வேண்டும். பண்டம் சிதறும் இடத்தில் அறிவுரையாக விழ வேண்டும். நம் கோரிக்கை இதுதான்: முதற் சோதனை ஆலையிலும் கிடங்கிலும் மண்டியிலும் நடக்கட்டும். அண்ணாச்சியின் கடையில் எடுத்த மாதிரி கெட்டது என்று தெரிந்தால், அந்த வழக்கு அண்ணாச்சியோடு நின்றுவிடாமல், சீட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறட்டும்.

தில்லிக்கும் ஒரு சொல் உண்டு. கலப்படத் தடுப்பு என்பது அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கும் பொருள். தரத்தை வகுப்பது தில்லியில் உள்ள ஆணையம். தெருவில் நடைமுறைப்படுத்துவது மாநிலத்தின் அலுவலர்கள். வகுப்பவர் ஓரிடம், வசவு வாங்குபவர் வேறிடம்! 2023 மார்ச்சில் என்ன நடந்தது? தயிர் உறையில் 'தஹி' என்று இந்திச் சொல்லை முதன்மையாக அச்சிடச் சொன்னது அந்த ஆணையம். தமிழ்நாடு கொதித்தது, அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கண்டித்தார், அந்த மாதம் முடிவதற்குள் ஆணையம் இறங்கிவந்து, வட்டாரச் சொல்லை இட்டுக்கொள்ளலாம் என்றது. தயிருக்காகப் போராடி வென்றோம், நன்று! தயிரின் பெயருக்காகப் பொங்கிய நாம், தயிரின் தூய்மைக்காகவும் பொங்க வேண்டாமா? படிவமும், அறிவிப்பும், ஆய்வு அறிக்கையும் கடைக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் அவர் கைக்கு வர வேண்டும் என்று கேட்பது அதே மொழிப் போரின் அடுத்த களமன்றோ? தன் மீது சாட்டப்பட்ட குற்றத்தையே படிக்க இயலாதவன் எப்படி எதிர்வாதம் செய்வான்?

வணிகத் தோழர்களே, உங்களிடமும் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். காலாவதியான பிஸ்கட்டின் தேதியைச் சுரண்டுபவருக்கு நம் கொடி நிழல் தராது. எலி ஓடும் கிடங்கில் அரிசியைத் திறந்து வைப்பவருக்கும், தடை செய்யப்பட்ட புகையிலைப் பொட்டலத்தைச் சாக்குக்கு அடியில் ஒளித்துப் பள்ளிப் பிள்ளைக்கு நீட்டுபவருக்கும் நாம் துணை நிற்க மாட்டோம். சீட்டுக் கேட்டால் தன் விற்பனைக் கணக்கு வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சி, மண்டிக்காரரோடு சேர்ந்து தானும் மௌனம் காப்பவர், தன் கவசத்தைத் தானே கழற்றி எறிகிறார். வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த அறம். பிறர் பொருளையே அப்படிப் பேணச் சொன்னவர், பிறர் உயிரைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்?

ஆகவே தோழர்களே, உங்களிடம் நான் வேண்டுவது நான்கே செயல்கள். ஆட்சிப் பொறுப்பில் எவர் இருந்தாலும் இவை நம் செயல்கள்.

முதலாவது, உங்கள் வட்டத்தில் உள்ள ஒவ்வொரு சிறுகடைக்கும் செல்லுங்கள். நன்கொடைச் சீட்டோடு அன்று, பதிவு விண்ணப்பத்தோடு! இணையத்தில் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார். நூறு ரூபாய்ச் சான்றுக்கு இடைத்தரகர் எதற்கு?

இரண்டாவது, கடைக்காரரைச் சீட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் மண்டிக்காரர் விலையைக் கூட்டுவார். தெருக் கடைகள் அனைத்தும் சேர்ந்து கேட்டால் சீட்டை நீட்டுவார். ஒற்றுமைக்குத் தொழிற்சங்கத்தில் மட்டுமா வலிமை? மளிகைக் கடையிலும் உண்டு.

மூன்றாவது, தாய்மார்களுக்குச் சொல்லுங்கள். ஐயம் தோன்றும் பண்டத்தை வாங்குபவரே பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்கிறது 40-ஆம் பிரிவு. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி, தஞ்சை, மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. அவை நம் வரிப்பணத்தில் நடப்பவை.

நான்காவது, இதுதான் கடினமானது. அலுவலர் சோதனைக்கு வந்திருக்கிறார் என்று கடைப் பையன் ஓடி வருவான். அப்போது கைப்பேசியை எடுக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்து செல்லுங்கள். சட்டம் சாட்சியைக் கேட்கிறது. அந்தச் சாட்சியாக நில்லுங்கள். மாதிரி நான்கு பங்காகிறதா என்று பாருங்கள். விலை கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அலுவலர் முறைப்படி நடந்தால் அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். முறை தவறினால் முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். அண்ணாச்சி தவறியிருந்தால், தவறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். "நம் ஆள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அந்தச் சொற்களை மட்டும் நம் நாவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இதனால் சில வாக்குகள் போகலாம் என்பீர்கள். போகட்டும்! கும்பிட்டு நின்று கொடுக்கும் வாக்கு, அடுத்த கும்பிடு வேறிடத்தில் விழும்போது அங்கே போய்விடும். சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "உன் உரிமை இது; உன் கடமை இது" என்று சொல்லி நிமிர வைத்த மனிதர் கொடுக்கும் வாக்கோ, கொள்கைக்குக் கிடைத்த வாக்கு. அண்ணாச்சி நிமிர்ந்து நின்று மண்டிக்காரரிடம் சீட்டுக் கேட்கும் நாளில், அந்தத் தாயின் சமையலறையில் நல்ல மஞ்சள் இருக்கும். சீட்டுக் கேட்கும் அந்தக் குரலை நாளைக் காலையே நம் தெருவில் தொடங்குவோம்.